நூற்றுக்கு எழுபது

அவளுக்கு லென்ஸக்கா என்று பெயர் வைத்தது துணி ஆலை. பத்தொன்பது வருடம் அவள் அங்கே சோதனை மேஜையில் நின்றாள். ஒரு மடக்கு லென்ஸைத் துணியின் மேல் வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவது வேலை. இழை விட்டுப்போன இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுவாள். அந்த முடிச்சைப் பார்த்தால் தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு ஓடிவருவார்கள். மேலாளரின் மைத்துனன் தறியில் வந்த துணிக்கும் அவள் முடிச்சுப் போட்டாள். அதற்காக அவளை இரண்டு மாதம் கழிவுப் பஞ்சு பிரிக்கும் பக்கம் அனுப்பினார்கள். போனாள், பஞ்சைப் பிரித்தாள், திரும்பி வந்து மறுபடியும் முடிச்சுப் போட்டாள்.

ஆலையை மூடிய அன்று யாரும் லென்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எட்டு மாதம் வேலை இல்லை. சமையலறைச் சுவரில் எத்தனை ஓடு, அதில் எத்தனை விரிசல் என்பதெல்லாம் மனப்பாடம் ஆனது. கணவர் மலைப்பாதையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். டெப்போவில் நண்பர்களிடம் சொன்னார்: "வீட்டுல இருக்கறதையெல்லாம் எண்ணி முடிச்சுட்டா. அடுத்தது என் தலைமுடிதான்."

"கவலைப்படாதே, அது ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மலையில் குழாய் போட்டு முடித்தார்கள். உச்சியில் இருக்கும் ஏரியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய். மேலே மரமே கிடையாது, கண்ணுக்கெட்டியவரை புல்வெளி. அதை நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு, இருபது மீட்டர் அகலத்துக்குத் தோண்டிக் குழாயைப் புதைத்து மண்ணை மூடிவிட்டுப் போனார்கள். லென்ஸக்காவின் சமையலறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் பீறிட்டது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிந்தது. பச்சைச் சேலையில் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டதுபோல் அதன் குறுக்கே ஒரு பழுப்புத் தழும்பு.

இந்தத் தழும்பை என்ன செய்வது என்பதில் குழாய் போட்ட கம்பெனிக்கும் புல்வெளியை ஆராய்கிற நிலையத்துக்கும் சில மாதம் இழுபறி. கடைசியில் ஓர் உடன்பாடு. தோண்டும்போது தனியாக எடுத்துவைத்த மேல்மண்ணைத் திருப்பிப் போட்டாகிவிட்டது. விதை எதுவும் தூவாமல் ஐந்து வருடம் சும்மா விடுவது. ஐந்தாம் வருடக் கடைசி எண்ணிக்கையில் நூற்றுக்கு எழுபது இடத்தில் உயிருள்ள செடியோ புல்லோ இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இல்லையென்றால் இயந்திரம் வரும். வந்து மேல்மண்ணைச் சுரண்டி, வலையை விரித்து, மூட்டை விதையைத் தூவும். மூட்டை விதை ஒரே ஜாதிப் புல். இரண்டு மாதத்தில் போர்வை போர்த்தியதுபோல் பச்சையாகிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் தானாக வந்து சேர்ந்த அத்தனையும் இயந்திரத்தின் வாயில் போய்விடும்.

எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்று நிலையம் தேடியது. தேடியவள் ஓர் இளம்பெண். புல்லில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஊரில் அவளை டாக்டரம்மா என்றார்கள். வழியில் நிறுத்தி முதுகுவலிக்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டார்கள்.

"ஒரே மாதிரி வேலைக்கா. நாள் முழுக்க எண்ணணும். போரடிக்கும்" என்று டாக்டரம்மா முன்கூட்டியே எச்சரித்தாள்.

"அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது மேடம்" என்றாள் லென்ஸக்கா. வேலை கிடைத்தது.

வேலை இதுதான். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டம். அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பத்துக் கயிறு கட்டியிருக்கும். கயிறுகள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் நூறு. ஒவ்வொரு இடத்திலும் ஸ்வெட்டர் பின்னும் ஊசியை நேராக இறக்க வேண்டும். நுனி எதைத் தொடுகிறதோ அதை உரக்கச் சொல்ல வேண்டும். புல், செடி, பாசி, சருகு, கல், மண். புல்லும் செடியும் மட்டும்தான் கணக்கில் சேரும். பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். தழும்பின் நீளத்துக்கு முப்பது இடங்கள். எப்போதும் அதே இடத்தில் எண்ண வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு இடத்திலும் ஓர் இரும்பு முளை அடித்திருந்தது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாக வருடத்துக்கு நான்கு தடவை.

எழுதுவதற்கு நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை. வாய் ஓயாது, ஆனால் கையெழுத்து அச்சு மாதிரி. சட்டத்தைத் தூக்கிப்போவதும் போடுவதும் அவள் பொறுப்பு. சட்டத்தின் ஒரு கட்டையின் நடுவில் சிவப்பு மையால் புள்ளி வைத்திருக்கும். அது முளையைத் தொட வேண்டும். சரிவான நிலம், சட்டம் முளைக்கு மேல்பக்கம் இருக்கும், இரண்டு மூலையிலும் கல் வைக்காவிட்டால் சுழன்று கீழே நழுவும். நாத்தனார் கல் வைத்து முடித்த பிறகு லென்ஸக்கா வருவாள். சட்டத்தின் கீழ்ப்பக்கம், மலையைப் பார்த்து மண்டியிடுவாள். அதன்பிறகு அவளுக்குச் சட்டத்துக்கு வெளியே உலகம் கிடையாது. முளை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட ஐந்து வருடத்தில் அவள் பார்த்ததில்லை.

முதல் மாதமே முழங்கால் வீங்கியது. கணவர் தன் பஸ்ஸில் கழற்றிப்போட்ட பின்சக்கர டயரிலிருந்து இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தார். அவள் உள்ளே பஞ்சு வைத்து, எலாஸ்டிக் தைத்து, முழங்காலில் மாட்டிக்கொண்டாள்.

"இனிமே உன்னை யாரும் ஓவர்டேக் பண்ண முடியாது" என்றார் கணவர்.

முதல் வருடம் சராசரி ஒன்பது. ஊசி இறங்கும்போதெல்லாம் மண், மண், மண். அடுத்த வருடம் இருபத்தெட்டு. பிறகு நாற்பத்தேழு. பிறகு அறுபத்திரண்டு. மொத்தம் இருபத்துமூன்று ஜாதிச் செடிகள், யாரும் கூப்பிடாமல் பக்கத்துப் புல்வெளியிலிருந்து மெதுவாக உள்ளே வந்தன. பதினேழாம் இடத்தில் மூன்றாம் வருடம் ஒரு நீலப் பூ வந்தது. சட்டைப் பொத்தான் அளவு, நடுவில் நான்கு புள்ளி. டாக்டரம்மா அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னாள். நாத்தனார் பொத்தான் என்றாள். தாளில் பொத்தான் என்றுதான் இருக்கிறது. லென்ஸக்கா பையிலிருந்து பழைய லென்ஸை எடுத்து அதைப் பார்த்தாள். ஆலையை விட்ட பிறகு அந்த லென்ஸுக்கு அதுதான் முதல் வேலை.

ஐந்தாம் வருடம் மூன்றாவது எண்ணிக்கையில் எழுபத்தொன்று வந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை. கடைசி.

அந்தக் கடைசித் தடவைக்கு ஒரு வாரம் முன்னால் நாத்தனார் மகளுக்குப் பிரசவம் என்று வெளியூர் கிளம்பிப் போனாள். கணவர் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாள் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து, தெருவில் போகும் வண்டிகளை யார் சரியாக ஓட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் வர்றேன். எழுதணும், அவ்வளவுதானே? முப்பது வருஷம் டிரிப் ஷீட் எழுதினவன்."

தங்கைக்குப் போன் போட்டு என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஸ்பீக்கரில் குழந்தை அலறியது. அதையும் மீறித் தங்கை கத்தினாள்: "ஒண்ணும் பெரிய விஷயமில்லண்ணா! சிவப்புப் புள்ளி முளையில படணும், அத மட்டும் மறந்துடாத! அண்ணிகிட்ட எதிர்த்துப் பேசாத!"

"முதலாவது ஓகே" என்றார்.

முதல் நாள் வெயில் இதமாக இருந்தது. மூன்று வாரமாக மழை இல்லை. அவர் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போவார். இடம் வந்ததும் சட்டத்தைப் போட்டுவிட்டுக் குரல் கொடுப்பார்.

"வண்டி நின்னாச்சு. இறங்கறவங்க இறங்கலாம்."

லென்ஸக்கா வந்து மண்டியிடுவாள். கல் வைத்திருக்கிறாரா என்று கேட்டாள். "அதெல்லாம் தேவையேயில்ல. நகருதா பாரு" என்றார். அசைத்துப் பார்த்தாள். நகரவில்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள்.

"புல். புல். செடி. புல். கல்."

"மெதுவா. நான் பஸ் டிரைவர், ஏரோப்ளேன் இல்ல."

பத்து இடம் முடிந்தது. கீழே, மலையடிவாரத்தில் கருவிகள் வைக்கும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அவர் கூட்டினார். ஒருமுறை கூட்டினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை கூட்டினார். பிறகு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

சராசரி ஐம்பத்தேழு.

அவள் தானே கூட்டிப் பார்த்தாள். ஐம்பத்தேழுதான். ஒரு மாதத்தில் பதினான்கு குறைந்திருக்கிறது. ஆடுமாடு ஏறவில்லை, ஏறியிருந்தால் புழுக்கை கிடக்கும். பூச்சி தின்றிருந்தால் இலையில் ஓட்டை இருக்கும். வெயில் என்றால் நுனி கருகியிருக்கும். எதுவும் இல்லை.

"தப்பா ஏதாவது எழுதினீங்களா?"

"நீ சொன்னது புல்லுன்னா புல்லு, மண்ணுன்னா மண்ணு. என் காது நல்லாத்தான் இருக்கு. ஹாரன் அடிச்சே கெட்டுப்போகல." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஏம்மா, அங்கங்க ரெண்டு மண்ண புல்லாக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் தாளிலிருந்து நிமிர்ந்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். மேலாளரின் மைத்துனனுக்குக் கிடைத்த அதே பார்வை.

"சும்மா சொன்னேன்" என்றார்.

எண்களை அன்றன்றே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். "அக்கா, இத நான் குழாய்க் கம்பெனி இன்ஜினியருக்கும் அனுப்பணும்" என்றாள் டாக்டரம்மா. குரல் உடைந்திருந்தது. அரை மணியில் பதில் வந்துவிட்டது. இயந்திரம் பக்கத்து ஊரில் சும்மா நிற்கிறது, திங்கள்கிழமை கொண்டுவந்துவிடலாம் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். அன்று புதன்.

மறுநாள் பதினோராம் இடத்தில் மண்டியிட்டபோது லென்ஸக்காவுக்கு ஊசி கனத்தது. கீழ் வரிசையிலிருந்து மேலே எண்ணிக்கொண்டு போவது அவள் வழக்கம். ஏழு வரிசை நன்றாக வந்தது. புல், செடி, புல். எட்டாவதில் மண். ஒன்பதாவதில் மண், மண், ஒரு புல், மண், மண். பன்னிரண்டாம் இடம். ஏழு வரிசை பச்சை, மேலே மூன்று வரிசையில் மண். நேற்றும் இப்படியா இருந்தது? நேற்று எண்ணினாளே தவிர யோசிக்கவில்லை. பதிமூன்றாம் இடத்துக்கு எழுந்து நடந்தபோதே தெரிந்துவிட்டது. போய்ப் பார்த்தாள். மேலே மூன்று வரிசை.

ஊசியைக் கீழே வைத்தாள்.

"என்னாச்சு?"

"ஓட்டை ஒரே இடத்துல வருது."

"அதனால?"

"ஆலையில இழை எங்கயோ ஒரு இடத்துல விட்டுப்போனா, அது நூலோட தப்பு. அதே ஓட்டை ஒவ்வொரு முழத்துலயும் அதே இடத்துல வந்தா துணி மேல தப்பில்ல. தறியில தப்பு."

"இங்க ஏது தறி?"

"அதான் தெரியல. நாமதான்."

அவள் எழுந்து சட்டத்தைச் சுற்றி வந்தாள். அவர் அவ்வளவு சீக்கிரம் எழுகிற ஆள் இல்லை. சட்டத்தின் மேல்பக்கம் குந்தி உட்கார்ந்து அந்த வெற்று மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சேறாக இருந்தபோது ஏதோ அழுந்தி, அப்படியே காய்ந்துபோயிருந்தது. விரலால் தடவினார். முகம் மாறியது.

"இங்க எப்படி பஸ் வந்துச்சு?"

"என்ன உளர்றீங்க?"

"உளர்றேனா? இங்க பாரு. வளைஞ்சு வளைஞ்சு போகுதே கோடு, இது பின்சக்கரம். இந்தக் குறுக்கு வெட்டு, டெப்போ வாசல்ல ஆணி கிழிச்சது. இது என் வண்டி. என் வண்டிய எனக்குத் தெரியாதா? ஆனா நாலாயிரம் அடி மேல, ரோடே இல்லாத…"

அவர் நிறுத்தினார். இருவரும் ஒரே நேரத்தில் அவள் முழங்காலைப் பார்த்தார்கள்.

அவள் முன்னால் வந்து, சட்டத்துக்குள் கயிறுகளின் மேலேயே, மெதுவாக மண்டியிட்டாள். இரண்டு முழங்காலும் இரண்டு பள்ளத்தில், கிண்ணத்தில் கிண்ணம் உட்கார்வதுபோல் உட்கார்ந்தன. பின்னால் கால்விரல்கள் ஊன்றும் இடத்திலும் இரண்டு சின்னப் பள்ளம் தயாராக இருந்தது. ஐந்து வருடம், வருடத்துக்கு நான்கு தடவை, இதே இடத்தில். புல் பத்தொன்பது தடவை எட்டிப் பார்த்திருக்கும். பத்தொன்பது தடவையும் அவள் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"முளை எங்கே?" என்றாள்.

முளை சட்டத்துக்கு மேல்பக்கம் இருந்தது. சிவப்புப் புள்ளி அதைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சட்டத்தை முளைக்கு மேல்பக்கம்ல போடணும்!"

"மேல போட்டா சுழலுது. ரெண்டு கல்லு தேடணும். நான் முப்பது வருஷம் மலையில வண்டி நிறுத்தினவன். சரிவுல எதையும் கல்ல நம்பி நிறுத்தக்கூடாது. சுவத்துல படம் மாட்டற மாதிரி முளையில தொங்கவிட்டுட்டேன். நகரவே நகராது. நீயே அசைச்சுப் பார்த்தியே!"

"சிவப்புப் புள்ளி…"

"முளையில படணும். படுது. உன் நாத்தனார் மேல கீழன்னு ஒரு வார்த்தை சொல்லல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். பன்னிரண்டு இடத்தில் தன் முழங்காலையே ஊசி போட்டு எண்ணியிருக்கிறாள். கணவர் முதலில் கோபமாக இருந்தார், பிறகு அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

டாக்டரம்மா மதியமே மேலே வந்துவிட்டாள். இன்ஜினியரும் கூடவே வந்தார். இஸ்திரி கலையாத பேன்ட், தலையில் தொப்பி. நல்ல மனிதர்தான். அறிக்கையில் எல்லாம் பச்சையாக இருந்தால் போதும், எப்படிப் பச்சையானது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. கதையை முழுவதும் கேட்டார். டயர் அச்சைப் பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா வெளியிலேர்ந்து பார்த்தா எப்படி இருக்கும்? ஃபெயிலானவன் பேப்பர மறுபடி திருத்தச் சொன்ன மாதிரி இருக்காது?"

"விதிப்படி இடம் மாறியிருக்கு சார், அதனால அந்த எண்ணிக்கை செல்லாது" என்றாள் டாக்டரம்மா. "விதிப்படி" என்ற வார்த்தை அவள் வாயில் தடுமாறியது.

"நீங்க சொல்றீங்க. நான் நம்பறேன். மேல இருக்கறவங்க?"

லென்ஸக்கா முழங்காலில் இருந்ததைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "நீங்களே எண்ணுங்க சார்."

"நானா?"

"ஒரே ஒரு இடம். அப்புறம் மேல இருக்கறவங்களுக்கு நீங்க சொல்லலாம்ல."

இன்ஜினியர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. டயர் துண்டுகளை மாட்டிக்கொண்டார். கணவர் இந்தத் தடவை சட்டத்தை முளைக்கு மேல்பக்கம் போட்டு, இரண்டு பெரிய கல்லாகத் தேடி வைத்தார். இன்ஜினியர் மண்டியிட்டு ஊசியை இறக்கினார்.

"பச்சை."

"பச்சைன்னு ஒண்ணு இல்ல சார். அது பாசி. பாசி கணக்குல வராது."

"சரி, பாசி. புல். புல். இது புல்."

லென்ஸக்கா எட்டிப் பார்த்தாள். "அது செத்துப்போச்சு சார். வேர் இல்ல, சும்மா கிடக்கு. சருகு."

"நிக்குதேம்மா!"

"ஊசியால தள்ளுங்க."

தள்ளினார். விழுந்தது. "சருகு" என்றார். கணவர் எழுதினார்.

நூறு புள்ளி முடிக்க இன்ஜினியருக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் பதினொரு தடவை அவர் புல் என்றதை அவள் இல்லை என்றாள். இரண்டு தடவை அவர் மண் என்றதில் அவள் முளைவிட்ட ஒற்றை இலையைக் காட்டினாள். கடைசியில் எழுபத்துமூன்று. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தொப்பி எங்கேயோ போயிருந்தது.

"இவங்கள வச்சுத்தானா இவ்வளவு நாளா எண்ணினீங்க?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"ஆமா சார்."

"மறுபடியும் எண்ணட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம்பர் வரணும். எழுபதுக்குக் கீழ ஒரு புள்ளி குறைஞ்சாலும் திங்கள் வண்டி வரும். அப்ப என்னத் திட்டக்கூடாது."

"குறைஞ்சா நானே வழி காட்டறேன் சார்" என்றாள் லென்ஸக்கா.

வெள்ளி, சனி, ஞாயிறு. முப்பது இடத்தையும் முதலிலிருந்து எண்ணினார்கள். நடுவில் கூட்டிச் சொல்லக் கூடாது என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும். ஆலையில் கற்ற பாடம்; துணி யாருடையது என்று கேட்டுவிட்டு லென்ஸை வைக்கக் கூடாது. அவர் தாளை மார்போடு அணைத்தபடி எழுதினார். மலைச்சரிவில் பிரேக் சூடானது பயணிகளுக்குத் தெரியாமல் முப்பது வருடம் ஓட்டியவர். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பொத்தான் பூ இருந்த பதினேழாம் இடத்தில் ஊசி அதற்கு ஒரு விரல்கடை தள்ளி இறங்கி மண்ணைத் தொட்டது. லென்ஸக்கா ஒரு நொடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மண்" என்றாள்.

ஞாயிறு மதியத்துக்குமேல் முப்பதாம் இடம் மட்டும் மிச்சம். அது எப்போதும் மோசமான இடம். குழாய் வளைகிற திருப்பம், கல் அதிகம். போன மாதம் ஐம்பத்துமூன்றுதான். இருபத்தொன்பது இடத்தின் கூட்டல் கணவருக்குத் தெரியும்: இரண்டாயிரத்து நாற்பத்தொன்பது. இரண்டாயிரத்து நூறு வேண்டும். இங்கே ஐம்பத்தொன்று வர வேண்டும். டாக்டரம்மா கொஞ்சம் தள்ளி நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கல். புல். கல். கல். செடி."

ஐந்தாம் வரிசை முடிவில் இருபத்தாறு. ஏழாம் வரிசை முடிவில் முப்பத்தெட்டு. எட்டாம் வரிசையில் வரிசையாக நான்கு கல். கணவர் மூச்சு விடுவது பஸ் கதவு திறப்பதுபோல் கேட்டது.

"என்னங்க, சளியா?"

"இல்ல. நீ எண்ணு."

ஒன்பதாம் வரிசை முடிந்தபோது நாற்பத்தெட்டு. பத்தாம் வரிசை. "கல்" என்றாள். "புல்." அவர் எழுதினார். "மண். செடி." எழுதினார். ஐம்பது. "சருகு." அவர் பென்சிலைக் கடித்தார். "புல்" என்றாள்.

பென்சில் அவர் கையிலிருந்து விழுந்து சரிவில் உருண்டது.

"எழுதுங்க. புல்லுன்னு சொன்னேன்ல."

"பென்சிலு…"

"இன்னும் நாலு இருக்கு. எடுத்துட்டு வாங்க."

அவர் பென்சில் பின்னால் ஓடினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஓடியது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்து எழுதிய நான்கும் புல், புல், செடி, புல். ஐம்பத்தைந்து. மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நான்கு. அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். டாக்டரம்மா ஓடிவந்து லென்ஸக்காவைக் கட்டிப்பிடித்தாள். லென்ஸக்கா அவளை ஒரு கையால் அணைத்து, இன்னொரு கையால் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் சிரித்தாள்.

இன்ஜினியருக்குப் போன் போனது. "நாலு புள்ளியா?" என்றார். "பாஸ்னா பாஸ்தான். அந்த அம்மாகிட்ட என் தொப்பி கிடைச்சுதான்னு கேளுங்க."

அறிக்கையில் லென்ஸக்கா ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். ஒவ்வொரு முளைக்கும் கீழே அளப்பவரால் உண்டான வெற்றிடம் உள்ளது, காரணம் முழங்கால். டாக்டரம்மா அது வேண்டாமே என்றாள். ஓட்டை இருந்தால் முடிச்சு இருக்க வேண்டும் என்றாள் லென்ஸக்கா. வரி ஏறியது.

அந்த ஒரு வரியை நிலையத்தில் யாரோ மேலதிகாரி படித்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா வீட்டுக்கே வந்தாள். சமையலறையில் நின்று, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தாள். தழும்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"அக்கா, இயந்திரம் தோண்டின இடம் எத்தனை வருஷத்துல மூடும்னு ஓரளவு தெரிஞ்சுடுச்சு. எண்ண வந்தவங்க உண்டாக்கின பள்ளம் எப்ப மூடும்னு யாருக்கும் தெரியாது. யாரும் எழுதினதில்ல. முப்பது இடத்துல பள்ளம் தயாரா இருக்கு. அதுவும் எப்ப, யார், எத்தனை தடவைன்னு கணக்கோட."

"அதையும் எண்ணணுமா?"

"அஞ்சு வருஷம்."

கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அத எண்ண எங்க முட்டி போடுவா? அந்தப் பள்ளம் எப்ப மூடும்னு அப்புறம் யார் எண்ணுவா?"

டாக்டரம்மா டீயை வைத்துவிட்டு யோசித்தாள். அவள் அதை யோசித்திருக்கவில்லை. கணவர் பழைய பஸ் சீட் பலகை ஒன்றைத் தேடி எடுத்து, நான்கு மூலையிலும் கம்பிக் கால் வைத்தார். தரையில் நான்கு விரல் அளவுக்குமேல் எதுவும் படாது. பலகையின் மேல் அவள் குப்புறப் படுத்துத் தலையை மட்டும் வெளியே நீட்டி எண்ணலாம். படுத்துக் காட்டச் சொன்னார். காட்டினாள். "பயணம் இனிதே அமையட்டும்" என்றார்.

நாத்தனாருக்கு விஷயம் போனில் போனது. "நான்தான் தெளிவா சொன்னேனே அண்ணி, சிவப்பு முளையில படணும்னு" என்றாள்.

"மேலயா கீழயான்னு சொன்னியா?"

"அது எல்லாருக்கும் தெரியுமே!"

மழை தொடங்கிய முதல் வாரம் இருவரும் ஏறினார்கள். முதல் முளைக்குக் கீழே புதுச் சட்டத்தைப் போட்டார்கள். இது சின்னது, ஒரு பள்ளத்துக்கு ஒன்று, ஐந்துக்கு ஐந்து கயிறு. லென்ஸக்கா பலகையில் குப்புறப் படுத்து, ஊசியை இறக்கினாள்.

"மண். மண். மண். கல். மண்."

கணவர் பென்சிலுடன் காத்திருந்தார். இந்தத் தடவை பென்சிலை ஒரு நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"மண். மண். மண். மண். மண்."

"ஏம்மா, எழுத ஒண்ணுமே வரலியே."

"மண்ணையும் எழுதணும்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். அவர் எழுதினார்.